கொண்டைச்சிக்கு வந்த வலிப்பு

மலையடிவாரத்தில் ஒரு குடில் இருந்தது. வல்லியம்மை அதன் தலைவி. நாற்பது வயதைத் தாண்டியிருக்க மாட்டாள். அவளிடம் சீடராக வந்து சேர்ந்த சிவந்தியப்பனோ பேரன் பேத்தி எடுத்தவர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

டவுனில் மாவு மில் வைத்திருந்தவர் அவர். மனைவி போன பிறகு மில்லை மருமகன் கையில் விட்டுவிட்டு, பொழுதை என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்தார். ஒரு பௌர்ணமியன்று யாரோ கூப்பிட்டார்கள் என்று குடிலுக்கு வந்தார். பாட்டு நடந்துகொண்டிருந்தது. நடுவில் வல்லியம்மை சரிந்து விழுந்தாள். கண் மேலே சொருகியது. உடம்பு உதறியது. சுற்றி இருந்தவர்கள் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"அம்மா சமாதிக்குப் போயிட்டாங்க" என்று பக்கத்தில் இருந்தவர் காதோடு சொன்னார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கண் திறந்தாள். அந்த முகத்தில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. அந்த முகம்தான் சிவந்தியப்பனைப் பிடித்து இழுத்தது. இவள் போய்வந்த இடத்துக்கு நாமும் ஒரு தடவை போய்விட வேண்டும். அந்த முடிவோடுதான் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"உபதேசம் வேணும்மா."

"கோழிகளைப் பாக்க ஆள் இல்லை, அண்ணாச்சி."

அதையே உபதேசமாக எடுத்துக்கொண்டு அவர் கோழிக்கூட்டுக்குப் போனார்.

கோயிலுக்கு நேர்ந்துவிட்டு, பிறகு அறுக்க மனசு வராமல் ஆட்கள் குடிலில் கொண்டுவந்து விட்ட கோழிகள் அவை. அதில் ஒரு பெட்டைக்குத் தலையில் பூ வைத்தது மாதிரி இறகுக் கொண்டை. அவர் அதைக் கொண்டைச்சி என்று கூப்பிட்டார். அவர் எங்கே போனாலும் அது காலடியிலேயே வரும். உட்கார்ந்தால் மடியில் ஏறிக் கண்ணை மூடிக்கொள்ளும். பற்றை விடத்தான் வந்தேன், ஒரு கோழியிடம் மாட்டிக்கொண்டேனே என்று சில நாள் அவருக்கே சிரிப்பு வரும்.

ஒரு நாள் காலையில் தீவனம் வைக்கும்போது கொண்டைச்சி கழுத்தைப் பின்னால் திருகிக்கொண்டு விழுந்தது. கால் இரண்டும் காற்றை உதைத்தன. இறக்கை தரையில் அடித்துப் புழுதி கிளம்பியது.

சிவந்தியப்பன் பாய்ந்து எடுத்து நெஞ்சோடு இறுக்கிப் பிடித்தார். சமையல் பார்க்கும் பூலம்மாள் ஓடிவந்தாள்.

"வலிப்பு மாதிரியில்லா இருக்கு. இரும்பு குடுங்க" என்று இடுப்பில் கிடந்த சாவிக்கொத்தை நீட்டினாள்.

அவர் சாவியைக் கோழியின் கால்விரல்களுக்குள் வைத்து அழுத்தினார். அதன் உதறல் கூடியது.

வல்லியம்மை அந்தப் பக்கமாக வந்தாள். "பிடிக்காதீங்க அண்ணாச்சி. கீழ விடுங்க."

"துடிக்குதேம்மா."

"பிடிச்சா நிக்காது. சிறகு முறிஞ்சுபோவும். பக்கத்துல இருக்குற கல்லை எடுத்துத் தள்ளிப் போடுங்க. அது போதும்."

அவர் கீழே விட்டார். கல்லை எடுத்தார். வல்லியம்மை வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அவள் நிழல் கோழியின் மேல் விழுந்தது. வேறு எதுவும் செய்யவில்லை. மெல்ல மெல்ல உதறல் அடங்கியது. கொண்டைச்சி கண்ணைத் திறந்தது. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத மாதிரி பார்த்தது. பிறகு தள்ளாடி எழுந்து நின்றது.

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"தெரியும்" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

பூலம்மாள் மட்டும் விடவில்லை. "சந்தையில கொண்டு தள்ளிருங்க. மத்ததுக்கும் ஒட்டிரும்."

"பாப்போம்" என்றார் சிவந்தியப்பன். அந்த 'பாப்போம்' என்பதில் தள்ளிவிடுகிற எண்ணம் துளியும் இல்லை.

அன்றே ஓலைக்கூடையில் வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடி, பஸ் ஏறினார். கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா கோழியின் கண்ணை, வாயை, காலை எல்லாம் பொறுமையாகப் பார்த்தாள். இறகை விலக்கிக் கொண்டைக்கு அடியில் விரலால் தடவினாள்.

"ஒரே காரணம்னு சொல்ல முடியாதுங்க. வெள்ளைக்கழிச்சல் வந்தாலும் கழுத்து திருகும். அது ஒட்டுநோய், அதனால இப்போதைக்கு இதைத் தனியா வைங்க. தீவனம் பூசணம் பிடிச்சிருந்தாலும் வரும். வைட்டமின் குறைஞ்சாலும் வரும். பக்கத்துத் தோட்டத்துல மருந்து அடிச்சாங்களான்னு விசாரிங்க. இன்னொண்ணு, இந்த மாதிரிக் கொண்டைக் கோழி சிலதுக்கு மண்டை ஓடு மேல முழுசா மூடியிருக்காது. வேற கோழி கொத்தினா நேரா மூளையிலதான் படும்."

"குணமாயிருமா?"

"ஆகலாம். ஆகாமலும் இருக்கலாம். வலிப்பு வரும்போது என்ன செஞ்சீங்க?"

"பிடிக்காம விட்டோம். அம்மா சொன்னாங்க."

"அந்த அம்மாவுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கு" என்றாள் டாக்டரம்மா. சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள்.

திரும்பி வந்தவர் அன்று சாப்பிடக்கூட உட்காரவில்லை. தீவன மூட்டையை அவிழ்த்துக் கொட்டினார். அடியில் பச்சையாகப் பூசணம் இருந்தது. அத்தனையையும் குழி வெட்டிப் புதைத்தார். பழைய வலையும் மூங்கிலும் வைத்துக் கொண்டைச்சிக்குத் தனிக்கூடு கட்டினார். தரையில் வைக்கோல் பரப்பினார். வேளாவேளைக்கு அலகைத் திறந்து மருந்தை விட்டார்.

மற்ற கோழிகளுக்கு ஒன்றும் வரவில்லை. கொண்டைச்சிக்கு மட்டும் திரும்பவும் வந்தது. பிறகு இடைவெளி விட்டு வந்தது. ஆனாலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவர் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். தூக்காமல் இருப்பதுதான் அவருக்கு எல்லா வேலையிலும் கஷ்டமான வேலையாக இருந்தது.

ஒரு தடவை வல்லியம்மையிடம் கேட்டார். "இது போன பிறவிக் கணக்காம்மா?"

"மருந்து குடுத்தாச்சா?"

"குடுத்தாச்சு."

"தண்ணி?"

"வைக்கலை."

"வைங்க" என்றாள்.

அடுத்த பௌர்ணமி வந்தது. அன்றைக்குக் கூட்டம் நெருக்கியது. பக்தர்கள் கேட்டுக்கொண்டார்கள் என்று வல்லியம்மை முந்தின நாளிலிருந்து விரதம். வந்தவர்கள் விடாமல் பேசியதில் தூக்கமும் இல்லை. சாயங்காலப் பாட்டு பாதியில் இருந்தபோது அவள் சரிந்து விழுந்தாள்.

"அரோகரா" என்று கூட்டம் எழுந்தது. ஒருவர் மாலையைப் போட்டார். ஒருவர் கற்பூரம் ஏற்றினார். மண்டபம் கட்டிக்கொடுத்த நம்பிராஜன் அவள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "பால் கொண்டாங்க, அம்மா வாயில பிரசாதம் விடணும்" என்றார்.

சிவந்தியப்பன் பின்வரிசையிலிருந்து பார்த்தார். சொருகிய கண். பின்னால் வளைந்த கழுத்து. உதைத்த கால்.

இதற்குத்தானா வீட்டை விட்டு வந்தோம் என்று ஒரு கணம் நின்றார். ஒரு கணம்தான். பிறகு ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் போனார்.

அதற்குள் நம்பிராஜன் கைக்கு வந்திருந்த பால் டம்ளரை வாங்கித் தள்ளி வைத்தார். குத்துவிளக்கை நகர்த்தினார். மாலையைக் கழற்றினார்.

"தெய்வம் இறங்கியிருக்கு. தடுக்க நீ யாருவே?" என்றார் நம்பிராஜன்.

"அது இருக்கட்டும். தலையை விடுங்க. தள்ளி நில்லுங்க."

"என்ன சொல்லுத நீ?"

"காத்து வரணும். தள்ளி நில்லுங்க."

அவர் குரல் உயரவில்லை. ஆனால் அந்த இடத்திலிருந்து அவரை அசைக்க முடியாது என்று எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டம் பின்வாங்கியது. துண்டை மடித்து அவள் தலைக்கு அடியில் வைத்தார். உதறல் நின்றதும் மெதுவாக ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கடைவாயில் வழிந்த எச்சிலைத் துடைத்தார். பிறகு அவள் முகத்தின் மேல் வெளிச்சம் விழாதபடி உட்கார்ந்துகொண்டார்.

அவள் கண் திறந்தாள். அதே முகம். இப்போது அந்த முகத்தில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரிந்தது. எங்கே இருக்கிறோம் என்று அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவர் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனார். அவள் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார்.

"வலிப்பாம்மா?"

"ஆமா அண்ணாச்சி. பத்து வயசுலேருந்து."

"ஏன் சொல்லலை?"

"சொன்னேன். மொதல்ல எல்லார்கிட்டயும் சொன்னேன். அம்மாவுக்கு எவ்வளவு அடக்கம்னு அதுக்கும் ஒரு கும்பிடு போட்டாங்க."

"என்கிட்ட?"

"தினம் உங்க முன்னாலதானே மாத்திரை போடுதேன்."

"சத்து மாத்திரைன்னு நினைச்சேன்."

"நீங்க கேக்கலை."

"அந்த நேரத்துல உங்களுக்கு என்ன தெரியும்மா? வெளிச்சமா? சத்தமா?"

"ஒண்ணும் தெரியாது. முழிச்சதும் நாக்கு வலிக்கும்."

"நான் அதுக்காகத்தான் வந்தேன்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா சேத்துக்கிட்டீங்க?"

"கோழிகளைப் பாக்க ஆள் வேணுமே."

அவருக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. எழுந்து தன் அறைக்குப் போனார். விடிந்ததும் பையை எடுத்து வேட்டி சட்டையை மடித்து வைத்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வாசலுக்குப் போகிற வழியில் கோழிக்கூடு. கொண்டைச்சி அவரைப் பார்த்ததும் வலையோரமாக ஓடிவந்தது. அப்படியே கழுத்து திருகி விழுந்தது.

அவர் பையைக் கீழே போட்டார். கூட்டைத் திறந்து தண்ணீர்ச் சட்டியை நகர்த்தினார். முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். கையைத் தொடையின் மேல் வைத்துக்கொண்டார்.

வல்லியம்மை சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்தாள். உடம்பில் இன்னும் அசதி இருந்தது. பையைப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்தாள். உதறல் மெல்ல அடங்கியது.

"இனிமே விரதம் வேண்டாம்மா" என்றார் அவர். "யார் கேட்டாலும் சரி."

"சரி."

"தூக்கம் கெடக் கூடாது. அடுத்த தடவை டாக்டர்கிட்ட போவும்போது நானும் வாரேன். கேக்க வேண்டியது இருக்கு."

"வாங்க."

"பௌர்ணமியன்னைக்கு நான் முன்வரிசையிலதான் இருப்பேன். நம்பிராஜன் என்ன சொன்னாலும் எந்திரிக்க மாட்டேன்."

"இருங்க."

கொண்டைச்சி கண்ணைத் திறந்தது. காலை ஊன்றியது. ஒரு பக்கம் சாய்ந்தது. மறுபடியும் ஊன்றி எழுந்து, இறகைச் சிலிர்த்துக்கொண்டது. வைக்கோலைக் காலால் கிளறிவிட்டு எதையோ கொத்தித் தின்றது.

சிவந்தியப்பன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வல்லியம்மையைப் பார்த்தார். இவ்வளவு நாளும் அவர் மனசில் இருந்தது சமாதியைப் பற்றிய கேள்வி. இப்போது வந்தது வேறு.

"கேக்கக் கூடாதுதான். ஆனாலும் கேக்கேன். இந்தக் கோழிக்கும் உங்களுக்கும் என்னம்மா வித்தியாசம்?"

வல்லியம்மை தரையில் கையை ஊன்றினாள். எழுந்து நிற்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"அது விழுந்தா யாரும் கும்பிடுததில்லை, அண்ணாச்சி. அதுக்கு எந்திரிக்கிறது லேசு."