ஒன்பது விசில்களும் ஒரு கயிறும்

நாவலோடைக் காட்டில் குட்டிகளுக்கென்று ஒரு சாரணர் படை இருந்தது. அதை நடத்தியவர் ஒரு மிளா மான். எல்லாரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள்.

மாஸ்டர் ரொம்ப நல்லவர். அதுதான் அவரிடம் இருந்த சிக்கலும்! எந்தக் குட்டியாவது கண்ணைக் கசக்கினால் போதும், அவர் மனசு இளகிவிடும். கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்.

படையில் ஒன்பது குட்டிகள். நன்றாகப் பயின்றால் கழுத்துத் துணியில் ஓர் இலை குத்துவார்கள். முடிச்சுப் போடத் தெரிந்தால் முதல் இலை. முதலுதவி தெரிந்தால் இரண்டாம் இலை. மூன்றாம் இலைதான் பெரிது. அதற்கு ஒரு பொறுப்பை ஏற்று, மூன்று பௌர்ணமி வரை அதை நடத்திக் காட்ட வேண்டும்.

பொறுப்புகளோ மூன்றுதான். கீரிப்பிள்ளை சுறுக்கன் அணித் தலைவன். மந்திக் குட்டி தாவி கயிற்றுக்குப் பொறுப்பு. முயல்குட்டி பஞ்சு, போகும்போதும் வரும்போதும் தலையெண்ணிப் பார்ப்பவள். மூவரும் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார்கள்.

ஒருநாள் காட்டுப்பன்றிக் குட்டி மொச்சை, மாஸ்டர் முன்னால் வந்து நின்றான். மூக்கை உறிஞ்சினான்.

"என்னடா மொச்சை?"

"என் முதுகைப் பாருங்க மாஸ்டர். வரி மங்குது!"

காட்டுப்பன்றிக் குட்டிகளுக்கு முதுகில் வரி இருக்கும். வளர வளர அது மறைந்துவிடும். வரி மறைந்த பன்றி குட்டி இல்லை. குட்டி இல்லை என்றால் படையிலும் இடம் இல்லை.

"இன்னும் நாலு பௌர்ணமிதான் தாங்கும்னு அம்மா சொல்றாங்க. எனக்கு மூணாம் இலை வேணும் மாஸ்டர். ஆனா பொறுப்பு எதுவுமே காலியா இல்லையே!"

சொல்லிவிட்டு அழுதான். பாசாங்கு அழுகை இல்லை. அந்த இலைக்காக அவன் இரண்டு கோடையாகக் காத்திருக்கிறான். மாஸ்டர் உடனே அவன் பக்கம் குனிந்தார்.

"அழாதேடா! தாவி இனிமே கயிற்றுத் தலைவன். நீ கயிற்றுத் துணைத் தலைவன். இந்தா விசில்!"

மொச்சை துள்ளிக் குதித்தான். மூங்கில் விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காடெல்லாம் ஊதினான்.

சத்தம் கேட்டதும் முள்ளம்பன்றி அம்மாள் முட்களைச் சிலிர்த்துக்கொண்டு வந்துவிட்டாள். மகள் தாழையை முன்னால் தள்ளினாள்.

"ஏன் மாஸ்டர், பன்றி வீட்டுப் பிள்ளைக்குப் பதவி! எம் பொண்ணுக்குக் கிடையாதா? அவ என்ன குறைஞ்சு போயிட்டா?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லம்மா! தாழை… தாழை கொடி மடிப்புத் தலைவி!"

படையில் இருந்தது ஒரே ஒரு கொடி. அதையும் யாரும் இறக்கி மடித்ததில்லை.

அதற்குப் பிறகு தடுக்க முடியுமா? அணில் குட்டி காற்றுப் பார்க்கும் பொறுப்பாளன் ஆனான். உடும்புக் குட்டி பொதுப் பொறுப்பாளன் ஆனான். பொதுப் பொறுப்பு என்றால் என்ன என்று அவனும் கேட்கவில்லை, மாஸ்டரும் சொல்லவில்லை. பஞ்சுவின் தம்பி தலையெண்ணும் துணைவன் ஆனான். மிச்சமிருந்த கௌதாரிக் குஞ்சு துணை அணித் தலைவி. நாலே நாளில் ஒன்பது குட்டிகளுக்கும் ஒன்பது பதவி, ஒன்பது விசில்!

மாஸ்டருக்கு நிம்மதியான தூக்கம் வந்தது. யாரும் அழவில்லை. எந்த அம்மாவும் சண்டைக்கு வரவில்லை.

படை மட்டும் வேறு மாதிரி ஆகிவிட்டது. முன்பு பஞ்சு ஒருத்தி எண்ணினால் ஒன்பது வரும். இப்போது இருவர் எண்ணினார்கள். எட்டு, பதினொன்று என்று இரண்டு கணக்கு வந்தது. தண்ணீர் எடுத்துவர ஆள் கூப்பிட்டால், "நான் பொறுப்பாளன்! என்னையா கூப்பிடுறே?" என்று உடும்பு முறைத்தான்.

கயிற்றுக்கும் அதே கதிதான். படையின் கயிறு நல்ல கற்றாழை நாரில் திரித்தது. ஓடையில் நனைந்தால் வெயிலில் விரித்து உலர்த்திய பிறகே சுருட்ட வேண்டும். முன்பெல்லாம் தாவி பாறைமேல் விரித்து, பக்கத்திலேயே உட்கார்ந்து காவல் காப்பான். இப்போது அவன் தலைவன் அல்லவா?

'உலர்த்துவது துணைத் தலைவன் வேலை' என்று தாவி நினைத்தான்.

'தலைவன் சொன்னால்தானே துணைத் தலைவன் செய்வான்' என்று மொச்சை நினைத்தான்.

கயிறு ஈரத்தோடு பொந்துக்குள் கிடந்தது. ஒரு பௌர்ணமி போனது. இரண்டாவதும் போனது. மொச்சை தினமும் விசிலைத் துடைத்து வைத்தான். நாளை எண்ணினான். கயிற்றைத் தொடவே இல்லை. மாஸ்டரும் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்றாம் பௌர்ணமி வந்தது. மறுநாள் இலை குத்தும் விழா. அதற்கு முன்னால் குட்டிகள் மட்டும் தனியாக ஒரு பகல் முகாம் போய்வர வேண்டும் என்பது படையின் வழக்கம். காலையில் ஒன்பது பேரும் முழங்கால் தண்ணீரில் ஓடையைக் கடந்து, நடுவில் இருந்த மண்திட்டுக்குப் போனார்கள். மாஸ்டர் இக்கரையில் பெற்றோரோடு விழாப் பந்தலுக்குத் தழை கட்டிக்கொண்டிருந்தார்.

உச்சிப் பொழுது தாண்டியது. மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. திட்டில் ஒரு துளி மழை இல்லை. ஆனால் ஓடைத் தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. சரசரவென்று ஏறியது.

"மலையில மழை! திட்டு முழுகிடும்! எல்லாரும் கிளம்புங்க!" என்று சுறுக்கன் கத்தினான்.

இக்கரையில் மாஸ்டர் பதறிப்போய்த் தண்ணீரில் இறங்கினார். இரண்டு எட்டு வைப்பதற்குள் இழுப்பு அவரையே புரட்டிக் கரையில் தள்ளியது. முள்ளம்பன்றி அம்மாள் "என் பொண்ணே!" என்று அலறினாள். யார் சொன்னதும் அந்தப் பக்கம் கேட்கவில்லை. ஓடையின் இரைச்சல் அப்படி.

திட்டில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் கிளையிலிருந்து கரைக்குத் தாவ மந்திக்கு மட்டும்தான் முடியும். தாவி கயிற்றின் ஒரு நுனியை வாயில் கவ்விக்கொண்டு தாவினான். கரையில் இருந்த மருத மரத்தில் இழுத்துக் கட்டினான். இந்தப் பக்க நுனியை நாவல் மரத்தில் கட்டினார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒவ்வொருவராகக் கடந்துவிடலாம்.

"சின்னவங்க முதல்ல!" என்றான் சுறுக்கன். பஞ்சுவின் தம்பி முன்னால் வந்தான்.

மொச்சை முடிச்சுப் பக்கத்தில் நின்றிருந்தான். காற்று திரும்பியது. அவன் மூக்கில் ஒரு நாற்றம் ஏறியது.

பன்றி மூக்கு பொய் சொல்லாது. பூஞ்சை! கயிறு உள்ளுக்குள் இற்றுப் போயிருந்தது.

மொச்சை வாயைத் திறக்கப் போனான், நிறுத்திக்கொண்டான். சொன்னால், 'ஏன் உலர்த்தவில்லை?' என்று கேட்பார்கள். நாளைக்கு இலை கிடைக்காது. வரியோ இன்றைக்கோ நாளைக்கோ என்று இருக்கிறது. இன்னொரு முறை கேட்கவும் முடியாது. 'முயல்குட்டிக்கு என்ன கனம் இருக்கப்போகிறது? ஒருவேளை தாங்கிவிடும்…'

பாவம், அவனைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் நின்றால் நீங்களும் நானும் அப்படித்தான் ஒரு நொடி நினைத்திருப்போம்.

முயல்குட்டி தண்ணீரில் கால் வைத்தது.

"இறங்காதே!" மொச்சை பாய்ந்து போய்க் குறுக்கே விழுந்தான். "யாரும் இறங்காதீங்க! கயிறு இத்துப் போச்சு!"

"உளறாதே!" என்றான் சுறுக்கன்.

மொச்சை கயிற்றைக் கவ்வி ஓர் இழுப்பு இழுத்தான். பட்டென்று அறுந்தது. கயிறு கண்ணெதிரே வெள்ளத்தில் போனது.

"நான்தான் உலர்த்தலை. மூணு மாசமா தொடவே இல்லை" என்றான் மொச்சை.

அவனைத் திட்டக்கூட யாருக்கும் நேரம் இல்லை. எல்லாரும் ஒரே சமயத்தில் விசிலை எடுத்தார்கள்.

"மரத்துல ஏறுங்க! நான் பொதுப் பொறுப்பாளன்!"

"காத்து மாறட்டும், இருங்க! நான்தான் காத்துக்குப் பொறுப்பு!"

"துணைத் தலைவி சொல்றேன், வரிசையில நில்லுங்க!"

விசில் சத்தத்தில் ஒருவர் சொன்னது ஒருவருக்குக் கேட்கவில்லை. தண்ணீர் திட்டின் பாதியைத் தின்றுவிட்டது.

மொச்சை தன் விசிலைக் கழற்றினான். வெள்ளத்தில் எறிந்தான்.

"எனக்குப் பதவி வேணாம்! சுறுக்கா, நீ சொல்லு. நான் செய்யறேன்!"

தாழை தன் விசிலைக் கழற்றினாள். அணில் கழற்றினான். உடும்புகூடக் கழற்றினான், கொஞ்சம் முனகிக்கொண்டே!

சுறுக்கன் ஒரு நொடி எல்லாரையும் பார்த்தான். பிறகு படபடவென்று சொன்னான். "மொச்சை, அந்த ஓணான்கொடியை வேரோட கிளப்பு! தாழை, கடிச்சு ஒரே நீளமா நறுக்கு! உடும்பு, அணில், மூணு மூணா முறுக்குங்க! பஞ்சு, நீ மட்டும் எண்ணு!"

மொச்சை மண்ணைக் குத்திக் கிளறினான். மூக்கில் ரத்தம் வந்தது. கொடிகள் குவிந்தன. முறுக்கிய கொடியை மொச்சை தன் இடுப்பில் கட்டி, முழுக் கனத்தையும் போட்டு இழுத்துப் பார்த்தான். இரண்டு இடத்தில் பிரிந்தது. மறுபடி முறுக்கச் சொன்னான். மூன்றாம் முறை தாங்கியது.

தாவி இதற்குள் மறுபடியும் கிளைக்குத் தாவி வந்திருந்தான். புதுக்கயிற்றின் நுனியைக் கவ்விக்கொண்டு போய்க் கட்டினான். முயல்கள் கடந்தன. கௌதாரி முயலின் முதுகில் கடந்தது. மற்றவர்களும் கடந்தார்கள். கடைசியாக மொச்சை கரையேறியபோது பஞ்சு சொன்னாள்: "ஒன்பது!"

பெற்றோர் ஓடி வந்து கட்டிக்கொண்டார்கள். மாஸ்டர் ஒவ்வொரு குட்டியையும் முகர்ந்து முகர்ந்து பார்த்தார்.

மறுநாள் விழா. மாஸ்டர் முதல் ஆளாக மொச்சையைக் கூப்பிட்டார். "முதல்ல உனக்குத்தான் இலை குத்தப்போறேன்! நீ இல்லைன்னா நேத்து என்ன ஆகியிருக்கும்?"

படையின் வழக்கப்படி இலை குத்துவதற்கு முன்னால் அணித் தலைவன் ஒரு கேள்வி கேட்க வேண்டும். சுறுக்கனுக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. இருந்தாலும் கேட்டான்.

"மொச்சை, மூணு பௌர்ணமியும் உன் பொறுப்பை நடத்தினியா?"

"இல்லை."

"ஆனா நேத்து…" என்று மாஸ்டர் குறுக்கிட்டார்.

"நேத்து நான் காப்பாத்தினது, நானே கெடுத்ததிலிருந்துதான் மாஸ்டர்" என்றான் மொச்சை.

தாவியும் எழுந்து நின்றான். "எனக்கும் வேணாம். நானும் தொடலை."

மாஸ்டர் இலையைக் கீழே வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார். "தப்பு என்னோடது. அவங்களைத் தண்டிக்காதீங்க. நான்தான் எல்லாருக்கும் கொடுத்தேன்."

"கொடுத்தீங்க மாஸ்டர்" என்றான் மொச்சை. அவன் குரலில் கோபம் இல்லை. "ஆனா ஒரு தடவைகூட கயிறு எப்படி இருக்குன்னு கேட்கலையே!"

மாஸ்டருக்கு அது நெஞ்சில் தைத்தது.

அன்றே மிச்சமிருந்த விசில்களெல்லாம் திரும்ப வந்தன. பதவிகள் மறுபடியும் மூன்று ஆயின. ஒரு பொறுப்புக்கு ஒரே ஆள். அடுத்து யார் என்பதைக் குட்டிகளே உட்கார்ந்து பேசி வரிசை போட்டார்கள். தன் முறை எப்போது வரும் என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்தது. முள்ளம்பன்றி அம்மாள் கேட்க வந்தபோது தாழையே பதில் சொன்னாள்: "என் முறை மாசிக்கு அப்புறம்மா. அதுவரைக்கும் கத்துக்கறேன்!"

வரிசையில் முதலாவதாகப் புதுக்கயிற்றின் பொறுப்பு மொச்சைக்கு வந்தது. வரி மறைய இன்னும் இருபது நாள்கூட இல்லை என்று அவனுக்குத் தெரியும். இலை கிடைக்காது என்றும் தெரியும். ஆனாலும் தினமும் கயிற்றை வெயிலில் விரித்தான். பிரி பிரியாக மூக்கை வைத்துப் பார்த்தான். ஒரு நாள்கூடத் தவறவில்லை.

பத்தொன்பதாம் நாள் காலையில் முதுகு முழுக்கக் கறுத்திருந்தது. மொச்சை கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்தான். அதில் இரண்டு இலைகள் இருந்தன. நன்றாக மடித்து மாஸ்டரிடம் கொடுத்தான்.

மாஸ்டரின் கண் நிறைந்தது. "அன்னிக்கே விசிலுக்குப் பதிலா உனக்கு ஒரு நிஜமான வேலையைக் கொடுத்திருந்தா, இன்னிக்கு உன் கழுத்துல மூணாம் இலை இருந்திருக்கும். நீ அழறதைப் பார்க்க முடியாம கெடுத்துட்டேன். மன்னிச்சிடுடா."

மொச்சை அவர் காலில் தன் மூக்கை ஒருமுறை உரசினான்.

"அடுத்த குட்டி யாராவது அழுதா பதவி கொடுக்காதீங்க மாஸ்டர். கயிறைக் கொடுங்க!"

சொல்லிவிட்டுப் புதருக்குள் நடந்தான், பெரிய பன்றிகளோடு சேர்ந்துகொள்ள.

வேலை இல்லாத பதவியைப் பிள்ளைக்குக் கொடுப்பவர், கொடுப்பதாக நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளையின் காலத்தைத்தான் பறித்துக்கொள்கிறார்.