நிறுத்தத் தெரியாத ஆக்சிஜன்

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், அவசரப்பட்டுப் பிறந்துவிட்ட குழந்தைகளுக்கென்று தனி வார்டு ஒன்று இருந்தது. அந்த வார்டுச் சுவரில் ஓடும் குழாய்க்குள் ஆக்சிஜன் குடியிருந்தது. இரக்கம் என்றால் அப்படியொரு இரக்கம் அதற்கு. எந்தக் குழந்தையாவது மூச்சுக்குத் தவித்தால் அதற்குப் பொறுக்காது.

அங்கே செங்கமலம் என்பவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஏழு மாதம்கூட நிறையவில்லை. தோலுக்கு அடியில் நரம்பெல்லாம் தெரிந்தது. முதல் நாளே ஆக்சிஜன் அதன்மேல் உயிரையே வைத்துவிட்டது.

"பார்த்துப் போ" என்றது கட்டிலருகே இருந்த மானிட்டர். குழந்தையின் ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. "நீ குறைஞ்சா இவ உயிருக்கு ஆபத்து. கூடினா கண்ணுக்கு ஆபத்து. கண்ணு உள்ளே இன்னும் வளர்ந்து முடியலை."

"நான் கூடினா என்ன கெட்டுப்போகும்? நல்லதுதானே செய்யறேன்?"

"எத்தனை பிள்ளைங்களைப் பார்த்துட்டேன். சொன்னா கேளு."

"உனக்கு எப்பப் பார்த்தாலும் புலம்பல்தான்."

அதுவும் உண்மைதான். குழந்தை காலை உதைத்தால் மானிட்டர் கத்தும். ஒயர் நழுவினால் கத்தும். ஒவ்வொரு கட்டிலுக்கும் இப்படி ஒன்று. நர்ஸ் பிலோமினா பாவம், ஒற்றை ஆளாக எத்தனை கூச்சலைத்தான் கேட்பாள்? சத்தத்தை அடக்க ஒரு பொத்தான் இருந்தது. பார்க்காமலே அவள் விரல் அங்கே போய்விடும்.

ஒரு மத்தியானம் குழந்தை மூச்சு விட மறந்து நீலமாகிவிட்டது. பிலோமினா ஓடி வந்து அதன் பாதத்தைச் சுண்டினாள், ஆக்சிஜன் குமிழைத் திருகிக் கூட்டினாள். குழந்தை சிவந்து அழுதது. அப்பாடா என்று அவள் நிமிர்வதற்குள் மூலையில் இன்னொரு குழந்தை நீலமானது. குமிழைக் குறைக்காமலே அங்கே ஓடினாள்.

"குடி கண்ணு, குடி" என்று ஆக்சிஜன் பாய்ந்தது.

"போதும், நிறுத்து" என்று மானிட்டர் கத்தியது. போகிற போக்கில் ஒரு கை வந்து பொத்தானை அமுக்கியது. அடுத்தடுத்த நாட்களிலும் இதே கதைதான்.

குழந்தை பிழைத்து, எடை கூடி, வீட்டுக்குப் போனது. "கண் பரிசோதனைக்குச் சொன்ன நாள்ல கட்டாயம் வந்துடணும்மா. வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கும், நம்பிடாதீங்க" என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பினார்.

வீட்டில் விட்டால்தானே. இவ்வளவு சின்னப் பிள்ளையை ஊர் பார்த்தால் கண் பட்டுவிடும், கொஞ்சம் சதை பிடிக்கட்டும் என்று கதவைச் சாத்தி வைத்துக்கொண்டார்கள். செங்கமலமும் சரியென்றாள். செத்துப் பிழைத்த பிள்ளை, பயப்படாமல் என்ன செய்வாள்? யாரைக் குற்றம் சொல்ல, நீங்களே சொல்லுங்கள்.

பிள்ளை கொழுகொழுவென்று ஆன பிறகுதான் தூக்கிக்கொண்டு வந்தாள். அதே வார்டில் படுக்க வைத்ததும், கண் பரிசோதிக்கும் விளக்கு பிள்ளையின் கண்ணுக்குள் எட்டிப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது.

"உள்ளே விழித்திரை பிரிஞ்சு போச்சு. ரெண்டு கண்ணுலயும்" என்றது விளக்கு. "அப்பவே வந்திருந்தா லேசர் வைச்சுப் பார்வையைக் காப்பாத்தியிருக்கலாம். இனிமே முடியாது."

"நான் அவளுக்கு உயிர் கொடுத்தேனே" என்றது ஆக்சிஜன்.

"கொடுத்தே. இல்லைன்னு யார் சொன்னது?" என்றது விளக்கு.

சொன்னேனே என்று குத்திக்காட்ட மானிட்டருக்கு மனசு வரவில்லை. அழத் தெரிந்திருந்தால் ஆக்சிஜன் அன்றைக்கு அழுதிருக்கும்.

விஷயத்தைச் சொல்வதற்காக டாக்டர் செங்கமலத்தின் கணவனைத் தேடி வெளியே போனார். அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குழாயருகே வந்தாள். பிள்ளையின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"பாருடி தங்கம், இதுதான் உனக்கு உயிர் கொடுத்த சாமி. நல்லாப் பார்த்துக் கும்பிட்டுக்கோ."

குழந்தை அம்மாவின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்தது.