வருஷப் பிறப்புக்கு வந்த உடும்பு

ஒரு காட்டில், கொன்றை மரத்தடியில் இருந்த ஒரு வளையில் முள்ளம்பன்றிக் குடும்பம் ஒன்று குடியிருந்தது. அப்பா வேலாண்டி. அம்மா சடைச்சி. முள் இன்னும் முற்றாத இரண்டு குட்டிகள். எந்தக் காடு என்று கேட்காதீர்கள். காடு, அவ்வளவுதான்.

வேலாண்டிக்கு வழக்கம் என்றால் உயிர். சடைச்சிக்குப் பொறுமை என்றால் என்னவென்றே தெரியாது. மற்றபடி நல்ல குடும்பம்.

சித்திரை முதல் நாள். விடிந்தும் விடியாமலும் வேலாண்டி எல்லோரையும் எழுப்பினான். கண்ணை மூடச் சொல்லி, ஒவ்வொருவராக வெளியே நடத்திக் கொண்டு வந்தான். மரத்தடியில் கொன்றைப் பூ, மாம்பழம், பாதியாகப் பிளந்த பெரிய பலாப்பழம் எல்லாம் அடுக்கிக் கனி வைத்திருந்தான்.

"இப்போ கண்ணைத் திறங்க. முதல்ல எதைப் பார்க்கிறோமோ, வருஷம் முழுக்க அதுதான்."

குட்டிகள் கண்ணைத் திறந்து பலாப்பழத்தையே பார்த்தன.

"இன்னைக்கு அழக் கூடாது. சண்டை போடக் கூடாது. யார் வந்து எது கேட்டாலும் இல்லைன்னு சொல்லக் கூடாது. இன்னைக்கு எப்படி இருக்கோமோ, வருஷம் முழுக்க அப்படித்தான் இருப்போம்."

"பசிக்குதுன்னு சொல்லலாமா?" என்றது சின்னக் குட்டி.

"அப்பா பேசி முடிச்சா சொல்லலாம்" என்றாள் சடைச்சி.

மாங்காயும் வேப்பம்பூவும் போட்ட பச்சடி உள்ளே இலையில் தயாராக இருந்தது. எல்லோரும் சாப்பிடத் திரும்பினார்கள். அப்போதுதான் உடும்பு கெட்டிமுத்து வந்தான்.

உடும்பைப் பற்றி ஒன்று தெரிந்து கொள்ளுங்கள். ஓர் இடத்தில் நகத்தை ஊன்றிவிட்டால் அதைப் பெயர்க்க யாராலும் முடியாது. கெட்டிமுத்துவுக்குச் சொந்தமாக வளை கிடையாது. தோண்டச் சோம்பல்.

"அண்ணே, அண்ணி, புது வருஷம் நல்லா இருக்கட்டும். தாகமா இருக்கு."

வேலாண்டி தண்ணீர் கொடுத்தான்.

"பசியாவும் இருக்கு."

வேலாண்டி மாம்பழத்தைக் கொடுத்தான். கெட்டிமுத்து தோலைக்கூட மிச்சம் வைக்கவில்லை.

"வெயில் ஏறுது. வாசல்ல கொஞ்சம் நிழலுக்கு உட்காரவா, அண்ணே?"

சடைச்சி வாயைத் திறந்தாள். வேலாண்டி அவள் காலை மிதித்தான். "உட்காருங்க தம்பி."

"வாசல்ல உட்கார்ந்தா உங்களுக்குப் போக வர இடைஞ்சல். உள்ளேயே போயிடவா?"

"வேண்டாம்னு சொல்லுங்க" என்று கிசுகிசுத்தாள் சடைச்சி.

"நல்ல நாளும் அதுவுமா அதை எப்படிச் சொல்றது?"

"வாயாலதான்."

வேலாண்டி சொல்லவில்லை. கெட்டிமுத்து உள்ளே போனான். கரக் கரக் என்று மண்சுவரில் நகம் இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு இலையை நக்கும் சத்தம் கேட்டது.

"பச்சடி பரவாயில்லை, அண்ணி. கசப்புதான் கொஞ்சம் தூக்கல்."

"சாப்பிட்டாச்சா? அப்போ வெளியே வாங்க" என்றாள் சடைச்சி.

"எப்படி வர்றது? இன்னைக்கு எங்கே இருக்கேனோ, வருஷம் முழுக்க அங்கேதான் இருப்பேன். வழக்கம்."

வேலாண்டியின் முள் எல்லாம் தொங்கிப் போயிற்று. "தம்பி, அப்போ நாங்க?"

"நீங்க இப்போ வெளியேதானே நிக்கிறீங்க? அப்படியே இருங்க."

பொழுது சாய்ந்தால் கழுதைப்புலி அந்தப் பக்கம் வரும். முள் முற்றாத குட்டிகள் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது. அது சடைச்சிக்குத் தெரியும். வேலாண்டிக்கும் தெரியும். தெரிந்தும் அவன் கையைப் பிசைந்து கொண்டு நின்றான்.

"விலகுங்க. நான் போய் அவனை நாலு குத்து குத்தறேன்."

"சடைச்சி, இன்னைக்குச் சண்டை போட்டா வருஷம் முழுக்க..."

"இன்னைக்குச் சும்மா இருந்தா வருஷம் முழுக்கப் பிள்ளைங்க இருக்காதுங்க."

ஆனாலும் அவள் குத்தப் போகவில்லை. பயந்து அல்ல. குத்தினால் உடும்பு உடம்பை உப்பிக்கொண்டு வளையில் இன்னும் இறுகிவிடும். இழுத்தால் வாலால் அடிக்கும். அவனாகப் பிடியை விட வேண்டும். அவனாக எதற்கு விடுவான்? இதுவரை வாங்குவதற்கு மட்டும்தான் வாயைத் திறந்திருக்கிறான்.

சடைச்சி வாசலில் குனிந்தாள். குரலில் தேன் தடவிக்கொண்டாள்.

"தம்பி, அவரை அண்ணேன்னு கூப்பிட்டீங்களே. அண்ணன் கையால கைநீட்டம் வாங்க வேண்டாமா?"

வருஷப் பிறப்பன்று பெரியவர்கள் சின்னவர்களுக்குக் கொடுக்கும் முதல் பொருள்தான் கைநீட்டம். அது பெரிதாக இருந்தால் அந்த வருஷ வரும்படியும் பெரிதாக இருக்கும் என்பார்கள்.

உள்ளே நக்கும் சத்தம் நின்றது. "என்ன கைநீட்டம்?"

"பாதிப் பலா."

"இங்கே கொண்டு வாங்க."

"பழம் பெரிசு, வாசல்ல நுழையாது, தம்பி."

"ஒரு கையை மட்டும் வெளியே நீட்டறேன். வைங்க."

"ஒத்தைக் கையால வாங்கினா வருஷம் முழுக்க அரை வயிறுதான். ரெண்டு கையும் நீட்டணும். வேண்டாம்னா விடுங்க. ஆனா கைநீட்டத்தையே வேண்டாம்னு சொன்னவனுக்கு வருஷம் முழுக்க ஒண்ணும் கைக்கு வராது. வழக்கம். உங்களுக்குத் தெரியாததா?"

கெட்டிமுத்து யோசித்தான். பலா வாசம் உள்ளே வந்தது. இன்னும் கொஞ்சம் யோசித்தான். யோசிக்கும்போதே சுவரில் இருந்து நகம் ஒவ்வொன்றாகக் கழன்றது.

தலை வெளியே வந்தது. உடம்பு வந்தது. கடைசியில் வாலும் வந்தது.

"அண்ணன் எங்கே?"

"இதோ, உங்க எதிர்லதான் நிக்கிறார். பழம் கனம், வாங்கப் போய்ச் சாயாதீங்க. கொஞ்சம் இந்தப் பக்கம், வெட்டவெளிக்கு வந்து வாங்குங்க."

வேலாண்டிக்கு ஒன்றும் புரியவில்லை. கைநீட்டம் கொடுப்பது நல்ல காரியம் என்பது மட்டும் புரிந்தது. பலாவைத் தூக்கினான். சடைச்சி அதைத் திருப்பிவிட்டாள். முள்தோல் மேலே, பால் வடியும் பிளந்த பக்கம் கீழே. அப்படியே உடும்பின் இரண்டு கையிலும் இறக்கினார்கள்.

"நல்லா இருங்க தம்பி" என்று வேலாண்டி மனதார வாழ்த்தினான்.

கெட்டிமுத்து பழத்தைக் கீழே வைக்கப் பார்த்தான். வரவில்லை. பலாப்பால் பத்து நகத்தையும் பிடித்துக்கொண்டது. ஒரு கையை உருவினால் இன்னொரு கை புதைந்தது.

"பிள்ளைங்களா, உள்ளே" என்றாள் சடைச்சி.

குட்டிகள் ஓடின. அடுத்து வேலாண்டியைப் பிடித்து உள்ளே தள்ளினாள். கடைசியாகத் தான் நுழைந்து, முதுகை வாசலுக்குக் காட்டி நின்றாள். முள் அத்தனையும் சடசடவென்று விரிந்தது. வாசல் அடைந்தது.

பழத்தை இழுத்துக்கொண்டே கெட்டிமுத்து வந்து சேர்ந்தான். மூக்கில் ஒரு முள் குத்தியது.

"அண்ணி, என்ன இது? நல்ல நாள்ல சண்டையா?"

"சண்டையா? யார் போட்டா? சந்தோஷம் வந்தா எனக்கு முள்ளு தானா விரியும், தம்பி. இன்னைக்கு ரொம்பச் சந்தோஷம்."

"எப்போ மடங்கும்?"

"சொல்றதுக்கில்லை. வருஷம் முழுக்கச் சந்தோஷமா இருக்கணும்னு உங்க அண்ணன் சொல்லியிருக்கார்."

கெட்டிமுத்து கெஞ்சினான். திட்டினான். வழக்கம், மரியாதை, உறவு என்று என்னென்னவோ சொன்னான். கையில் பலாவோடு எவ்வளவு நேரம் பேச முடியும்? பலா வாசத்துக்கு எறும்பு வேறு வர ஆரம்பித்தது. கடைசியில் பழத்தை மார்போடு அணைத்தபடி, பின்னங்காலால் தத்தித் தத்திப் புதருக்குள் போனான்.

உள்ளே வேலாண்டிக்கு மனசு கேட்கவில்லை.

"பாவம் சடைச்சி. நல்ல நாள்ல வெளியே நிக்கிறான். அப்போ வருஷம் முழுக்க அவன்..."

"வெளியேதான்" என்றாள் சடைச்சி. "வழக்கத்தை நாம மாத்த முடியுமா?"

நீதி: நல்ல நாளைச் சாக்குக் காட்டி உன் வீட்டையே கேட்கிறவனுக்கு, அந்த நாளின் மரியாதை சேராது.