வெங்காய வடை தின்ற வைத்தியன்

கடம்பங்கோட்டை அரண்மனையில் பெரிய புத்திசாலி என்று எனக்குப் பெயர். எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். அந்தப் பெயரைக் கொடுத்த அன்று மற்ற மந்திரிகள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். அதைக் காப்பாற்ற நான் பட்ட பாட்டைத்தான் சொல்ல வந்தேன்.

ஒருநாள் திருமேனி என்ற இளைஞன் சபைக்கு வந்து குலவர்த்தன மகாராஜா காலில் தடாலென்று விழுந்தான். ஞானகிரி மடத்துக் கல்விச்சாலையில் பன்னிரண்டு வருஷம் வைத்தியம் படித்தவன். பரீட்சையில் முதலாவதாகத் தேறியவன். ஆனால் பட்டம் கொடுக்க மாட்டேன் என்று மடாதிபதி நிறுத்திவிட்டார்.

"அப்படி என்னப்பா தப்பு செய்தாய்?" என்றார் மகாராஜா.

"பிரதோஷ விரதத்தன்று கடைத்தெருவில் வெங்காய வடை தின்றுவிட்டேன், மகாராஜா. நாலு வடை."

"ஆறு" என்றார் மடாதிபதி ஏகாந்தத் தேசிகர். அவரும் கூடவே வந்திருந்தார். "ஒழுக்கம் தவற மாட்டேன் என்று சத்தியம் செய்துதான் இவன் மடத்தில் சேர்ந்தான். பட்டத்தில் இருப்பது மடத்தின் பெயர். சத்தியத்தை மீறியவனுக்கு அதை எப்படிக் கொடுப்பது, மகாராஜா?"

நியாயம்தான். ஆனால் திருமேனி அழுதுவிட்டான்.

"எங்கள் மலையடிவாரத்தில் வைத்தியரே கிடையாது, மகாராஜா. போன மழையில் காய்ச்சலில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். பட்டம் இல்லாமல் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று உங்கள் சட்டம் சொல்கிறது. நான் என்ன செய்வேன்?"

எனக்கு மனசு பொறுக்கவில்லை. குறுக்கே பாய்ந்தேன்.

"சாமி, ஒழுக்கம்தான் பட்டம் என்றால் முதல் பட்டத்தை உங்கள் மடத்து யானைக்குக் கொடுங்கள். தினமும் குளிக்கிறது. நெற்றி நிறைய விபூதி. வெங்காயத்தைத் தொடுவதே இல்லை!"

சபை சிரித்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன்.

தேசிகர் அசையவில்லை. "ஒழுக்கம் மட்டும் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? படிப்பும் வேண்டும், ஒழுக்கமும் வேண்டும். யானையிடம் ஒன்று இல்லை. இவனிடம் இன்னொன்று இல்லை."

சபை இன்னும் பலமாகச் சிரித்தது. மீசையிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

மகாராஜா என் பக்கம் திரும்பினார். "கோமதிநாயகம், வாயைத் திறந்தது நீர்தானே? நாலு நாள் தருகிறேன். மடத்தின் விதியும் உடையக் கூடாது. இவனுக்குப் பட்டமும் கிடைக்க வேண்டும். அதையும் சாமி தன் கையாலேயே கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் நீர் அந்த யானைக்குக் கவளம் உருட்டப் போகலாம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை. ஆனால் அன்று சட்டென்று ஒரு யோசனை தோன்றியது. அபூர்வம்தான்.

"சாமி சொல்வதே சரி. பட்டம் கொடுக்கவே வேண்டாம்" என்றேன்.

திருமேனி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"ஆனால் சாமி, பட்டம் வாங்காதவன் இன்னும் உங்கள் மாணவன்தானே? கூட்டிக்கொண்டு போய்ப் பாடம் சொல்லுங்கள். மற்ற ஆசிரியர்களிடம் எல்லாம் படித்துத் தீர்த்துவிட்டான். பாக்கி நீங்கள் ஒருவர்தான்."

"அதற்கென்ன, ஆகட்டும்" என்றார் தேசிகர் சந்தோஷமாக. கிளம்பும்போது திருமேனி காதில் இரண்டு வார்த்தை போட்டு அனுப்பினேன்.

நாலாம் நாள் தேசிகர் பல்லக்கில் வந்தார். இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்கினார்கள். பின்னாலேயே திருமேனி பவ்யமாக வந்து நின்றான்.

"என்ன சாமி, உடம்புக்கு?" என்று பதறினார் மகாராஜா.

"சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது. மாணவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் குரு இலையில் உட்காரக் கூடாது. அது எங்கள் மடத்து விதி. இந்தப் பயல் போன உடனே ஒரு கேள்வி கேட்டான்."

"என்ன கேள்வி?"

"'சாமி, நான் படித்த வைத்தியம் என் தலையில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா?' என்றான். தலையில் என்று சொன்னால், வயிற்றுக்குள் போன வடை அதை என்ன செய்தது என்கிறான். வயிற்றில் என்று சொன்னால், பன்னிரண்டு வருஷமும் வயிற்றுக்கா பாடம் சொன்னீர்கள் என்கிறான். எந்தப் பக்கம் போனாலும் அடி!"

"அதற்காக விதியை உடைக்கலாமா?"

"எதற்கு உடைக்க வேண்டும்? விரதம் முறித்தால் மூன்று நாள் பட்டினி கிடப்பது பிராயச்சித்தம். மாணவனுக்காகக் குருவே கிடக்கலாம் என்றும் விதியில் இருக்கிறது. கிடந்து முடித்துவிட்டேன். பட்டம் வாங்கிவிட்டால் இவன் என் மாணவன் இல்லை; இவன் கேள்விக்குப் பதில் சொல்லாமலே நான் சாப்பிடலாம்."

"இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாமே, சாமி?"

"அன்றைக்குப் பசிக்கவில்லை, மகாராஜா."

தேசிகர் தன் கையாலேயே பட்டத்தை எடுத்து நீட்டினார். திருமேனி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அவர் காலில் விழுந்து எழுந்து, அப்போதே மலையடிவாரத்துக்குக் கிளம்பிவிட்டான். தேசிகரைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார்கள்.

மகாராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி எனக்குப் போட்டார்.

"அது சரி, மடத்துக்குள் இருக்கும் விதி உமக்கு எப்படித் தெரிந்தது?"

"நானும் அங்கேதான் ஒன்பது வருஷம் படித்தேன், மகாராஜா."

"அடேயப்பா! உம்முடைய பட்டத்தை நான் பார்த்ததே இல்லையே?"

"கொடுக்கவில்லை, மகாராஜா."

"அடப்பாவமே! உம்மையும் ஒழுக்கம் சரியில்லை என்று நிறுத்திவிட்டார்களா?"

"சேச்சே! ஒழுக்கத்தில் ஒரு குறை சொல்ல முடியாது, மகாராஜா. பரீட்சையில்தான் தேறவில்லை."