வண்டிக்குள் ஒரு சத்தம்

நூல் மில் முதலாளி சென்னியப்பனின் புது எஸ்யூவியில் ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம். சர்வீஸ் சென்டரில் கதவுகளையெல்லாம் கழற்றி மாட்டியும் அது போகவில்லை.

“நீ பள்ளத்துல உட்டு ஓட்டித்தான் ஏதோ நட்டு லூசாயிருச்சு. அவிநாசி போறதுக்குள்ள கண்டுபிடி. இல்லீன்னா அங்கயே எறங்கிக்க,” என்றார் பின் சீட்டிலிருந்த முதலாளி, டிரைவர் துளசிமணியிடம்.

துளசிமணி வண்டியை ஓரங்கட்டினாள்.

“ஓட்டிக்கிட்டே காது குடுக்க முடியலீங்க. நீங்க கொஞ்சம் ஓட்டுங்க, நான் பின்னால உக்காந்து கேக்கறேன்.”

முதலாளி முனகிக்கொண்டே ஓட்டினார். அவருடைய இடத்தில் அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். டீக்கடையில் நின்றவர்கள் வாயைப் பிளந்தார்கள்.

“கேக்குதா?”

“நல்லாக் கேக்குதுங்க. இத்தன நாளும் பின் சீட்டுல கேட்டது, இப்ப முன் சீட்டுக்கு வந்துருச்சு. லூசான நட்டு உங்க கூடவே எடம் மாறுமாங்க?”

சென்னியப்பன் கண்ணாடியில் அவளை முறைத்தார்.

“வண்டி குலுங்கறப்பெல்லாம் உங்க இடுப்புச் சாவிக்கொத்துதானுங்க சீட் பெல்ட் கொக்கியில இடிக்குது. கழட்டிக் குடுங்க.”

பெண்டாட்டியிடம்கூடக் கொடுக்காத சாவிக்கொத்தை அவர் கழற்றிப் பின்னால் நீட்டினார். சத்தம் நின்றது.

அவிநாசி வந்ததும் வண்டியின் வேகம் குறைந்தது.

“இங்க யாரும் எறங்கலீங்களே, மொதலாளி. நேரா மில்லுக்கு உடுங்க,” என்றாள் துளசிமணி. “சாவி எங்கிட்டப் பத்திரமா இருக்குது.”