ஏழாம் நம்பர் பாட்டில்

“மூணு தடவ போயிட்டு வந்துட்டேன் மேடம். உங்க கடல் எனக்குக் கெடைக்க மாட்டேங்கு.”

இதைச் சொல்லும்போது இன்னாசி உட்காரவில்லை.

ஐம்பத்தொரு வயது. இருபத்திரண்டு வருடம் சரக்குக் கப்பலில் எஞ்சின் பார்த்தவர். மேலே மிதந்தது போதும், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்போம் என அந்த வேலையை உதறிவிட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்திருந்தார். வழிகாட்டி பூரணிக்கு அவரைவிட வயது குறைவு. அதனால் சார் என்றுதான் கூப்பிடுவார்.

“கடல்ல என்ன சார் உங்க கடல், எங்க கடல்?” என்று பூரணி சிரித்தார்.

“நூத்தம்பது மீட்டர்ல உப்பு குறையணும். குறையலையே.”

பூரணியின் பெயரே அந்த நூற்றைம்பது மீட்டரில்தான் இருந்தது. இருபத்தைந்து வயதில், வங்கக் கடலில் கரையிலிருந்து இரண்டு நாள் தள்ளி, உப்புக் குறைந்த ஒரு மெல்லிய நீரடுக்கைக் கண்டுபிடித்தவர் அவர். பாடப்புத்தகத்தில் அதற்குப் பூரணி அடுக்கு என்றே பெயர். அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அந்தப் பக்கம் யாரும் ஆய்வுக்குப் போகவில்லை. நேரில் போய்ப் பார்த்தவர் ஒருவருமில்லை, எடுத்து எழுதியவர் நூறு பேர். நம் படிப்பாளிகளுக்கு அது போதும்.

அந்த அடுக்கு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதுதான் இன்னாசியின் ஆய்வு. அடுக்கு இல்லையென்றால் பட்டமும் இல்லை. நல்ல வேலையை விட்டதற்காக வீட்டில் மனைவி ரோஸ்லின் மூன்று வருடமாக அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

“இன்னொரு தடவை போய்ப் பாருங்க” என்றார் பூரணி.

போனார்.

பத்தாம் நாள் சிரித்த முகமாக வந்தார்.

“கெடச்சிட்டு மேடம்.”

ஒரு தாளை மேசைமேல் வைத்தார். பென்சிலில் எழுதியது. உப்புத்தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும் என்பதால் கடலியல்காரர்கள் பென்சிலில்தான் எழுதுவார்கள். தப்பாக எழுதிவிட்டாலும் ரப்பர் போட்டு அழிக்கக்கூடாது. ஒரு கோடு கிழித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, சரியானதை எழுத வேண்டும். எதைப் பதிவு செய்தாலும் முதலில் மணியைக் குறிக்க வேண்டும். சேர்ந்த அன்றே சொல்லிக்கொடுக்கும் பாடங்கள் இவை.

நூற்றைம்பது மீட்டருக்கு நேரே உப்பின் அளவு 33.6 என்று இருந்தது.

பூரணி அந்த எண்ணின்மேல் விரலை வைத்துத் தடவினார்.

“இங்க மட்டும் தாள் சொரசொரன்னு இருக்கே சார்.”



பூரணி தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“முன்னாடி 34.8 எழுதியிருந்தீங்களா?”

“ஆமா.”

“கருவி என்ன காட்டுச்சு?”

“அதுவும் அதேதான்.”

“பின்னே ஏன் மாத்துனீங்க?”

இன்னாசிக்குக் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த வயதில் கையும் களவுமாகப் பிடிபட்டு நிற்பதைவிடக் கேவலம் வேறில்லை. பாவம், மனுஷன் அதுவரை ஒரு பொய் சொன்னதில்லை.

“நான்தான் எங்கேயோ கோட்டை விட்டுட்டேன்னு நெனச்சேன் மேடம். நீங்க சொன்னது தப்பா இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல.”

திட்டுவார், தாளைக் கிழித்து எறிவார் என்று காத்திருந்தார்.

“கோடு கிழிங்க” என்றார் பூரணி.

இன்னாசி 33.6-இன்மேல் கோடு கிழித்தார். கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் 34.8 என்று எழுதினார்.

பூரணி எழுந்துபோய் பீரோவிலிருந்து ஒரு பழைய பதிவேட்டைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டார்.

“என் முதல் பயணம். நூத்தம்பது மீட்டருக்கு எந்த பாட்டிலை இறக்குனேன்னு படிங்க.”

“ஏழாம் நம்பர்.”

“ரெண்டாவது?”

“ஏழு.”

“மூணாவது?”

இன்னாசி பக்கத்தைப் புரட்டினார். அடுத்ததையும் புரட்டினார்.

“எல்லாத்துலயும் ஏழுதான் மேடம்.”

“முதல் தடவை அதுலதான் கெடைச்சுது. ராசியான பாட்டில். அதுக்கப்புறம் அந்த ஆழத்துக்கு வேற எதையும் நான் இறக்கல.”

எஞ்சின்காரருக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஆழத்துத் தண்ணீரை மொண்டதும் இறுக மூடிக்கொள்ள வேண்டியது அந்த பாட்டில். மழைக்காலம் முடிந்த வங்கக் கடலில் மேல்தண்ணீரில் உப்புக் குறைவு. மூடி இறுகாத பாட்டில் மேலே வரும் வழியெல்லாம் அந்தத் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொண்டே வரும்.

“மேடம், விடுங்க” என்றார் அவசரமாக. “நான் வேற தலைப்பு எடுத்துக்கிடுதேன். இன்னும் ஒரு மூணு வருஷம், அவ்வளவுதானே. இந்தத் தாளு நம்ம ரெண்டு பேரோட போகட்டும்.”

பூரணி கண்ணாடி அலமாரியைத் திறந்தார்.

விருதுக் கேடயங்களுக்கு நடுவில் அந்த பாட்டில் நின்றது. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அதன்மேல் இருந்தன.

பூரணி அதைக் குழாயடியில் பிடித்து நிரப்பினார். மேல்மூடி, கீழ்மூடி இரண்டையும் அடைத்தார். வெளிப்பக்கத்து ஈரம் போக முந்தானையால் நன்றாகத் துடைத்து மேசைமேல் நிறுத்தினார்.

இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். மின்விசிறி ஓடியது.

கசியக்கூடாது என்று இன்னாசி மனதுக்குள் மாதாவை வேண்டிக்கொண்டார். தனக்காக அல்ல.

கொஞ்ச நேரத்தில் பாட்டிலின் அடியில் மேசை ஈரமானது. ஈரம் மெல்லப் பரவியது.

பார்க்கப் பொறுக்காமல் இன்னாசி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

“துடைக்காதீங்க.”

“மூடியில உள்ளது பழைய ரப்பர் மேடம். பத்தொம்பது வருஷம் காய்ஞ்சு கெடந்தா எதுவும் கசியத்தான் செய்யும். இத வச்சு அன்னைக்கு உள்ளதச் சொல்ல முடியாது.”

சொன்னது நியாயமான பேச்சு. எந்தச் சபையிலும் எடுபடும். பூரணி தலையை ஆட்டினால் போதும், பாடப்புத்தகம் அப்படியே இருந்துவிடும்.

“அன்னைக்கும் கப்பல் தளத்துல இதுக்குக் கீழ ஈரமாத்தான் இருந்துச்சு” என்றார் பூரணி. “அலை தெறிச்சதுன்னு நெனச்சேன். தினமும் நானே துணி எடுத்துத் துடைச்சேன்.”

இன்னாசி கைக்குட்டையை மடியில் வைத்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. பூரணியின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது, ஆனால் அவர் மேசையை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

ஒரு வெள்ளைத் தாளையும் பென்சிலையும் இன்னாசி பக்கம் தள்ளினார்.

“நான் என்ன மேடம் எழுத?”

“இப்ப மணி என்ன? முதல்ல அதை எழுதுங்க.”