தருமா பொம்மையின் இரண்டாம் கண்

ஜப்பானில் மொரியா என்றொரு வக்கீல் இருந்தார். சாயத் தொழிற்சாலையின் கழிவு கலந்த ஆற்றுத் தண்ணீரால் நோயில் விழுந்த மீனவக் குடும்பங்களுக்காக வழக்காடியே தலை நரைத்தவர். "கோர்ட்டில் முட்டிக்கொண்டது போதும், வாருங்கள், சட்டத்தையே மாற்றலாம்" என்று ஒரு கட்சி கூப்பிட்டது. போனார். தேர்தலில் நின்றார். ஜெயித்தும் விட்டார்.

இப்போது அதே கட்சி ஒரு மசோதா கொண்டுவந்திருக்கிறது. அது நிறைவேறினால் அந்தக் குடும்பங்கள் இனிமேல் வழக்கே போட முடியாது. மனுஷன் என்ன செய்வார், பாவம். குருவிடம் ஓடினார்.

குரு மியோஜுன் ஒரு பிக்குணி. மொரியாவைவிட வயதில் ரொம்ப இளையவர். மடத்து வாசலில் களை பிடுங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க வக்கீலய்யா. மூஞ்சி ஏன் தொங்கிக் கிடக்கு?"

"நாளைக்கு ஓட்டெடுப்பு, குருவே. மசோதாவை ஆதரிக்கிறவங்க எழுந்து நிக்கணும். எதிர்க்கிறவங்க உட்கார்ந்தே இருக்கணும். எங்க ஆளுங்க எல்லாரும் எழுந்திருக்கணும்னு கொறடா உத்தரவு. மீறினா அடுத்த தடவை சீட்டு கிடையாது."

"கையில என்ன?"

சிவப்பாக, உருண்டையாக, காலே இல்லாத தருமா பொம்மை. ஒன்றை வேண்டிக்கொள்ளும்போது அதற்கு ஒரு கண்ணை வரைவார்கள். வேண்டியது நடந்ததும் மறு கண்ணை வரைந்து, மடத்தில் ஒப்படைப்பார்கள். இதற்கு இரண்டு கண்ணும் இருந்தது.

"என்ன வேண்டிக்கிட்டீங்க?"

"அந்த ஜனங்களுக்கு நியாயம் கிடைக்கணும்னு."

"ரெண்டாவது கண்ணு எப்போ வரைஞ்சீங்க?"

"ஜெயிச்ச அன்னிக்கு. கட்சிக்காரங்க தூரிகையைக் கையில திணிச்சாங்க. கேமராக்காரங்க வேற நின்னாங்க. வரைஞ்சுட்டேன்." சொல்லும்போதே அவருக்கு வெட்கமாகிவிட்டது.

மியோஜுன் பொம்மையைத் தரையில் வைத்து விரலால் தள்ளினார். சாய்ந்தது, ஆடியது, பழையபடி நிமிர்ந்தது. இன்னும் ஓங்கித் தள்ளினார். அப்போதும் அப்படித்தான்.

மொரியாவுக்கு உயிர் வந்தது போலிருந்தது. "புரியுது குருவே. எத்தனை தடவை விழுந்தாலும் எழுந்துக்கலாம். நாளைக்கு விட்டுக்கொடுத்துட்டு, பதவியில இருந்துகிட்டே பின்னாடி ஏதாவது நல்லது..."

"அது எங்கே எழுந்துச்சு, வக்கீலய்யா?"

குரு மறுபடியும் பொம்மையைத் தள்ளினார்.

"நல்லா பாருங்க. உட்காருது."